விளிம்பில் இருந்த பெயர்

தம்பி அப்பாவின் காலில் சாக்ஸ் மாட்டப் போராடிக்கொண்டிருந்தபோது, அவள் ஜன்னலோரம் நின்று அப்பாவின் பதக்கத்தை அளந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, இந்தக் காலைக் கொஞ்சம் பிடியேன். விரல் மடங்கவே மாட்டேங்குது.”

“ஒரு நிமிஷம்.”

வெர்னியர் அளவுகோல் முப்பத்தைந்து புள்ளி நான்கு மில்லிமீட்டர் காட்டியது. முப்பத்தாறு காட்டியிருக்க வேண்டும். துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே முப்பத்தைந்து புள்ளி நான்கு. வெர்னியருக்கு என்ன, யார் வீட்டுச் சாவு என்றா தெரியும்.

அப்பா போய் ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. விடிகாலையில் தண்ணீர் கேட்டார். அவள் டம்ளரோடு திரும்பி வந்தபோது கேட்டவர் இல்லை. அதற்குப் பிறகு டாக்டர் வந்தார், குளிப்பாட்ட ஆட்கள் வந்தார்கள், வாடகை நாற்காலிகள் வந்தன. அழுகைதான் வரவில்லை. வரும், வராமல் எங்கே போகும் என்று பேருந்துக்கு நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தாள். கைகள் பாட்டுக்குத் தெரிந்த வேலையைச் செய்தன.

அவள் வேலை ஓர் ஏல நிறுவனத்தில். பழைய ராணுவச் சாமான்கள் வரும்: ஹெல்மெட், தொப்பி வில்லை, பெல்ட் கொக்கி, சீருடை, பதக்கம். அசலா போலியா என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இருபத்திரண்டு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு இதைத்தான் செய்கிறாள். டீத் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கிய சட்டையை மோந்தே சொல்லிவிடுவாள். “எங்கக்கா அத்தானையே திருப்பிப் போட்டு, முதுகுல முத்திரை இருக்கான்னு பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா” என்பது தம்பி எந்த விருந்திலும் விடாத ஜோக்.

இத்தனை பேர் பொருளைப் பார்த்தவளிடம் அப்பா தன் பதக்கத்தை மட்டும் கொடுத்ததே இல்லை. தகர டப்பாவில் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பாலத்துச் சண்டையில் காயம்பட்ட ஏழு பேரை முதுகில் சுமந்து வந்ததற்குக் கிடைத்த பதக்கம். தெருவே அவரைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிட்டது. அவள் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால், “செத்தவன் சட்டையை மோந்து பாக்கிற உத்தியோகம்” என்பார். அவருக்குத் தன் தொழில் மேல் இளப்பம், அதனால்தான் பதக்கத்தைக் காட்டவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். அந்தச் சாவி இன்று காலை சட்டையோடு அவள் கைக்கு வந்தது.

மற்றவர்கள் பதக்கத்தின் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் தொழிலில் இருப்பவர்கள் முதலில் விளிம்பைப் பார்ப்பார்கள். வீரனின் எண்ணும் பெயரும் அங்கேதான் இருக்கும். ராணுவத்தில் எழுத்துகளை அச்சால் அடித்து இறக்குவார்கள்; எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்கும். அப்பாவின் பெயர் உளியால் கீறப்பட்டிருந்தது. ஓர் எழுத்து ஆழம், ஓர் எழுத்து மேலாக. அதன் கீழே, லென்ஸைச் சாய்த்துப் பிடித்தால், வேறொரு பெயரின் முதல் எழுத்து பாதி தெரிந்தது. யாரோ ஒருவரின் பெயரை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு அப்பாவின் பெயரை வெட்டியிருக்கிறார்கள். தேய்த்ததில் காணாமல் போனதுதான் அந்தப் புள்ளி ஆறு மில்லிமீட்டர்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?” தம்பி ஒற்றைச் சாக்ஸுடன் எழுந்து வந்தான். சொன்னாள். அவன் பதக்கத்தை வாங்கிப் பார்த்தான். அவன் பஸ் டிப்போ மெக்கானிக். அரம் பட்ட உலோகம் அவனுக்கும் தெரியும்.

“பதக்கம் போலியா?”

“பதக்கம் அசல். பேரு மாத்தினது.”

“உலோகம் அசல்தானே? அப்போ சங்கத்துத் தாள்ல அசல்னு எழுதிடு. அதுல பொய் ஒண்ணும் இல்லையே.”

அவள் அடுத்த அறையைப் பார்த்தாள். கதவு பாதி திறந்திருந்தது. எதிர்வீட்டுத் தையலம்மா நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவின் கோட்டைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். படுக்கையில் கிடந்த எட்டு மாதத்தில் அப்பா பாதியாகிவிட்டார். பழைய கோட்டு உடம்பில் நிற்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. செய்தி கேட்டதும் ஊசிப் பெட்டியோடு அவளே வந்துவிட்டாள்.

தையலம்மாவைக் கூப்பிட இவளுக்கு முகம் இருந்திருக்காது. முன்னாள் படைவீரர் சங்க ஹாலில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. இறந்த உறுப்பினர்களின் பதக்கங்கள் அதில்தான் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் சங்கத்தில் கேட்டுக்கொண்டதால் அவள் போய் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். பதினொன்று சரியாக இருந்தன. பன்னிரண்டாவது, தையலம்மாவின் புருஷனுடையது. பட்டாளத்துக்குப் பிறகு தபால் கொடுத்தவர். அது அச்சில் அடித்ததல்ல, வார்ப்பில் ஊற்றியது. லென்ஸில் பார்த்தால் பரப்பெங்கும் ஊசி குத்தினாற்போல் புள்ளிகள். ‘போலி. காட்சிக்கு உரியதல்ல’ என்று எழுதினாள். தையலம்மா அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அப்பா முன் வரிசையில் உட்கார்ந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு சங்கத்தில் ஒரு விதி வந்தது: அவள் எழுதிய தாள் இல்லாமல் எதுவும் பெட்டிக்குள் போகாது.

“அவங்களுக்கு எழுதினேனேடா.”

“அது வேற. இது அப்பா.”

“அவங்களுக்கும் அது வீட்டுக்காரர்.”

வாசலில் சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது. சங்கச் செயலாளர். வாயைத் திறந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும் என்பதால் சின்ன வயதிலிருந்தே அவர்களுக்குப் பீரங்கி மாமா. கையில் அவள் எழுதித் தரவேண்டிய தாளின் அச்சடித்த கட்டு. அப்பாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். பிறகு அவளிடம் வந்தார்.

“வண்டி நாலு மணிக்குத்தானேம்மா? அது போனதும் ஹால்ல கூடுறோம். பதக்கத்தைப் பெட்டியில வெச்சுட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறது வழக்கம். அந்தப் பன்னிரண்டாவது இடம் காலியாவே கிடக்கு. நீ உன் தாளை எழுதிட்டா கையோட கொண்டு போயிடுவேன்.”

அவள் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். தம்பியும் பின்னால் வந்தான். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. பதக்கத்தை மேடைமேல் வைத்தாள்.

“மாமா, அப்பா பாலத்துக்குப் போனாரா?”

“என்னம்மா கேள்வி இது. அதுவும் இன்னிக்கு.”

“விளிம்புல வேற யார் பேரையோ தேச்சு எடுத்திருக்கு.”

மாமா பதக்கத்தைத் தொடவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தபடி நின்றார். பேசியபோது அவர் குரலா என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சின்னதாக இருந்தது.

“அவன் ஸ்டோர்ல இருந்தாம்மா. பூட்ஸ், கம்பளி குடுக்கிற இடம். பாலத்துக்கு நாங்க போனோம், அவன் எங்களுக்குப் பூட்ஸ் குடுத்தான். தேடித் தேடிப் பொருத்தமாக் குடுப்பான். அத்தனை மைல் நடந்தும் என் கால்ல ஒரு கொப்புளம் வரலே. பதக்கத்தை எங்க பிடிச்சான்னு தெரியாது. கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாள் குத்திக்கிட்டு வந்தான். யாருக்கு என்ன நஷ்டம்னு விட்டுட்டோம்.”

“எத்தனை பேருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும்.”

தம்பி மேடையில் சாய்ந்துகொண்டான். “ஏழு பேரைத் தூக்கிட்டு வந்தாருன்னு எம் பொண்ணு ஸ்கூல்ல பேசிப் பரிசு வாங்கிட்டு வந்திருக்கா, மாமா.”

மாமா தலையாட்டினார். “ஏழு இல்லே, மூணு. தூக்கினது தபால்காரன்.”

அவளுக்குச் சரியாகக் கேட்டது. இருந்தும், “எந்தத் தபால்காரர்?” என்றாள்.

“அந்த ரூம்ல தைக்குதே, அதோட புருஷன். எனக்கு முன்னாடி பாலத்துல ஓடினவன். அவன் பதக்கம் ஒரு வெள்ளத்துல வீட்டோட போச்சு. மனசு கேக்காம கடையில அதே மாதிரி ஒண்ணு செஞ்சு வாங்கிக்கிட்டான். நீ சொன்னது சரிதான், அது போலிதான். ஆளு போலி இல்லே.”

“அன்னிக்கு ஏன் சொல்லலே?”

“உன் தாள்ல ஆளைப் பத்திக் கேள்வியே இல்லையேம்மா.”

அது உண்மை. பொருள், நிலை, முடிவு என்று மூன்றே கட்டம். அவளே போட்டுக் கொடுத்த கட்டம்.

“சொல்லியிருக்கணும்தான்,” என்றார் மாமா. “பாலத்துக்குப் போனவங்க பேரெல்லாம் பழைய பதிவேட்டுல இருக்கு. ஹால் அலமாரியிலேயே கிடக்கு. நான் வாயைத் திறந்தா நீ அதைத் திறக்கச் சொல்லுவே. திறந்தா தபால்காரன் பேரு இருக்கும், உங்கப்பன் பேரு இருக்காது. அன்னிக்கு உங்கப்பன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். கூட்டம் முடியிற வரைக்கும் விடவே இல்லே. அதுக்கப்புறம் அவன் அந்தப் பதக்கத்தைக் குத்திக்கிட்டு வரலே. காலர் அறுக்குதுன்னுட்டான். உனக்குத்தாம்மா அவன் பயந்தது. எங்க யாருக்கும் இல்லே.”

காலையிலிருந்து மரத்துக் கிடந்தவளுக்கு முதலில் வந்தது கோபம். அப்பாவின் மேல் கோபம். வாயை மூடிக்கொண்டிருந்த இந்த மாமாவின் மேல் கோபம். ஒரு மனிதனை மூன்று கட்டத்தில் அடைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கிய தன் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். அது அழுகையாக மாறும் என்று எதிர்பார்த்தாள். மாறவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தணிந்தது. அப்பா இருபத்திரண்டு வருடம் மகளைக் கண்டு பயந்தபடி ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“அக்கா,” என்றான் தம்பி. குரல் கெஞ்சியது. “அவர் போயிட்டார். இனிமே யாருக்கு என்ன ஆகப்போகுது? ஒரு வரி. அசல்னு ஒரு வரி.”

“இது யாரோ ஒருத்தரோட பேருடா. தேச்சு எடுத்திருக்கு. அந்த வீட்டுலயும் ஒரு பிள்ளை இருந்திருக்கும்.”

“அதுக்கு நம்ம அப்பாவை ஊருக்கு முன்னாடி நிறுத்தணுமா?”

“தையலம்மாவை நிறுத்தினேன். அப்போ நீயும் ஹால்லதான் இருந்தே.”

அவள் தாளை மேடைமேல் வைத்து, ஈரம் படாமல் ஒரு தட்டை அடியில் கொடுத்து எழுதினாள். பொருள்: பாலத்துப் பதக்கம், அசல். நிலை: விளிம்பு அரத்தால் தேய்க்கப்பட்டு வேறு பெயர் வெட்டப்பட்டுள்ளது. முடிவு என்ற இடத்தில் பேனா நின்றது. அவள் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ‘காட்சிக்கு உரியதல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மாமா தாளைப் படித்துவிட்டு நாலாக மடித்தார். “ஹால்ல என்னம்மா சொல்றது நான்?”

“பூட்ஸ் குடுத்தார்னு சொல்லுங்க. யாருக்கும் கொப்புளம் வராத பூட்ஸ்.” பிறகு மாமாவின் தாள் கட்டிலிருந்து இன்னொரு தாளைக் கிழித்துக்கொண்டாள். “நாளைக்கு அந்தப் பதிவேடு வேணும், மாமா.”

தம்பி அவளைத் தாண்டி வெளியே போய்விட்டான். இன்று பேசமாட்டான்; நாளையும் பேசமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த அறையில் தையலம்மா கோட்டின் முதுகுப்பக்கத்தை முடித்திருந்தாள். அவள் போய்த் தையலம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அம்மா, அந்தப் பதக்கம் வீட்டுல இருக்கா?”

தையலம்மா எதைப் பற்றிய கேள்வி என்று கேட்கவில்லை. “இருக்கு. பட்டன் டப்பாவுல கிடக்கு.”

“ஒரு தடவை குடுங்க. நான் எழுதினதை மாத்தி எழுதணும்.”

ஊசி துணிக்குள் போய் வெளியே வந்தது. “சமையல்கட்டுப் பேச்சு இங்கே கேட்டுது. உங்க மாமாவுக்கு மெதுவாப் பேசத் தெரியுதுன்னு அவருக்கே ஒரு நினைப்பு.” இன்னொரு தையல் போட்டாள். “அவரு அங்கே இருந்தாரான்னு அன்னிக்கு என்னை யாரும் கேக்கலே.”

“நான் கேட்டிருக்கணும்.”

“ஆமா,” என்றாள் தையலம்மா. “கேட்டிருக்கணும்.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கோட்டை உதறி எழுந்தாள். இரண்டு பேருமாக அப்பாவிடம் வந்தார்கள். முதுகைக் கிழித்து ஓரம் தைத்திருந்ததால் கோட்டு முன்பக்கமாகச் சுலபமாக ஏறியது. தையலம்மா கைகளை நீட்டிவிட்டாள், காலரைத் திருத்தினாள், பட்டனைப் போட்டாள். இடது மார்பில் பதக்கம் குத்திக் குத்தி இரண்டு ஓட்டை விழுந்திருந்தது. தையலம்மா குனிந்து, கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தை மெதுவாகச் சுரண்டிச் சுரண்டித் துணியின் இழைகளை ஒன்றோடொன்று சேர்த்தாள். மூடுவதற்கு நேரம் எடுத்தது. அவசரப்படாமல் செய்தாள்.

“தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா,” என்றாள். “பின்னாடி சுருக்கம் விழுது.”

அவள் இரண்டு கையாலும் அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்தாள்.