நான்கு வயது சின்ன எஞ்சின்

சலவைக்கடைக்காரியின் வேன் ரோட்டின் நடுவே செத்துப்போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஆயில் தீர்ந்து எஞ்சின் இறுகிவிட்டது. உள்ளே ஆஸ்பத்திரிக்கு இறக்கவேண்டிய வெளுத்த விரிப்புகள் அப்படியே கிடந்தன.

வாரத்தில் மூன்று நாள், காலை ஏழு மணிக்குள் அங்கே வெள்ளையை இறக்கி அழுக்கை ஏற்றிவர வேண்டும். அதுதான் அந்தக் கடைக்கு அடுப்பெரிக்கிற வேலை. திங்களும் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று துணி அறை மேற்பார்வையாளர் மெதுவாகத்தான் சொன்னார். கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம், கண்ணுகளா. மெதுவாகச் சொல்கிறவர்கள் செய்துவிடுவார்கள். வாடகை வேன் கேட்டும் பார்த்தாள். ஆஸ்பத்திரி அழுக்கு என்றதும் ஆளாளுக்கு ஒரு வேலை முளைத்துவிட்டது.

ஆகவே தம்பியைக் கூப்பிட்டாள். மெக்கானிக். வீட்டில் அவனுக்கு ஆச்சு என்று பெயர். என்ன கேட்டாலும் “ஆச்சுக்கா” என்பான்; பாதி ஆகியிருக்காது. அவன் ஒரு எஞ்சின் கண்டுபிடித்து வந்தான். இதே கம்பெனி, இதே வேன், நான்கு வருஷம் பிந்திய மாடல். பின்னாலிருந்து லாரி இடித்து வேன் நசுங்கிப்போக, எஞ்சின் மட்டும் அலுங்காமல் இருந்ததாம்.

“ரெண்டும் ஒண்ணுதான்க்கா. இது நாலு வயசு சின்னது, அவ்வளவுதான். கழட்டுறோம், மாட்டுறோம்.”

“நாலு வயசு சின்னதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்டா. நீயும் எனக்கு நாலு வயசுதான் சின்னவன்.”

சனிக்கிழமை மதியம் பழைய எஞ்சின் சங்கிலியில் தொங்கி இறங்கி, இஸ்திரி அறை மூலையில் சாக்கின்மேல் உட்கார்ந்தது. புதியது உள்ளே போனது. கியர்பாக்ஸோடு சேர்ந்தது, போல்ட்டெல்லாம் ஒழுங்காக இறங்கியது. ஆச்சு கையைத் துடைத்துக்கொண்டு ஆச்சு என்றான். அப்புறம்தான் வயரைப் பார்த்தான். வேனின் வயர் முனைகள் அகலமானவை. எஞ்சினில் இருந்த வாய்களோ ஒடுக்கமானவை. அதுவாவது போகட்டும். ஆக்சிலேட்டர் கம்பியை மாட்டக் கொக்கியே இல்லை. அந்த நான்கு வருஷத்தில் கம்பெனிக்காரன் கம்பியை ஒழித்துவிட்டு மோட்டார் வைத்திருந்தான்.

வழி இருக்கிறது என்றான் ஆச்சு. பழைய எஞ்சினின் காற்றுக் குழாய், சென்சார்கள், வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிப் புதியதற்கு மாட்டிவிட்டால், தன் எஞ்சின்தான் என்று வேன் நம்பிவிடுமாம். பெரியவன் சட்டையைச் சின்னவனுக்குப் போடுகிற மாதிரி.

தம்பியைத் தெரிந்தவளாயிற்றே. கடையில் ஒவ்வொரு துணிக்கும் குத்துகிற நம்பர் சீட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். கழற்றுகிற ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. எது எந்த இடம் என்று நோட்டில் அவளே எழுதிக்கொண்டாள். இது எஞ்சினா, தலையணை உறையா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினான். நாற்பத்தாறு சீட்டு ஆயிற்று. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஞாயிறு காலை, இணைப்புகளுக்கு நடுவே வைக்கிற கேஸ்கெட் வாங்க ஆச்சு போயிருந்தான். அவள் பின்கட்டில் துவைத்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி அறையில் இருந்தவர் அவளுடைய வீட்டுக்காரர். இஸ்திரி போடுவது அவர்தான். அதிகம் பேசாத மனிதர். ஆனால் வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுக் கிரீஸ் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

அவள் ஈரக்கையோடு உள்ளே வந்தபோது மேஜைமேல் எல்லாம் பளபளத்தன. குழாய்கள் ஒரு வரிசை, வயர்கள் சுருட்டி ஒரு வரிசை, போல்ட்டுகள் உயரப்படி ஒரு வரிசை. சீட்டுகள் ஒன்று முதல் நாற்பத்தாறு வரை அடுக்கப்பட்டு, பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. பாராட்டு வரும் என்று அவர் நின்றார்.

“சீட்டெல்லாம் எதுக்குங்க கழட்டினீங்க?”

“சுத்தமாயிடுச்சில்ல. முடிஞ்ச உருப்படியில சீட்டு இருக்கக் கூடாதுன்னு நீதான சொல்லுவ.”

முப்பது வருஷமாக அவள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைச் சொல்லித் திட்டவும் வழியில்லை. அழுக்கு மூட்டைமேல் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டாள். திரும்பி வந்த ஆச்சு முதலில் சிரித்தான். பிறகு மேஜையைச் சுற்றிவந்து பார்த்தான்; சிரிப்பு நின்றது. மாமாவை ஆபரேஷன் அறைப்பக்கம் மட்டும் விட்டுவிடாதே அக்கா என்றான்.

அன்று பகல் முழுக்க ஒவ்வொரு போல்ட்டையும் ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்துப் பார்ப்பதிலேயே போயிற்று. பொருந்துகிற மாதிரிப் போய், நான்காவது சுற்றில் இறுகும். கழற்று, அடுத்தது. வீட்டுக்காரர் ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்து நீட்டினார். துடைக்காதீங்க என்று அவள் எத்தனை தடவை சொன்னாளோ, கணக்கே இல்லை. பொழுது சாயும்போது இரண்டு போல்ட் மிஞ்சியது. எப்பவும் இரண்டு சேர்த்துத்தான் போடுவான் கம்பெனிக்காரன் என்று ஆச்சு சொல்ல, அவள் பார்த்த பார்வையில் ஒன்றுக்கு இடம் கிடைத்தது. பேட்டரி சார்ஜில் இருந்ததால் காலையில்தான் சாவி போட முடியும்.

திங்கள் ஐந்தரை மணி. மூட்டைகளை ஏற்றியாயிற்று. சாவியைத் திருப்பினாள். கரகரவென்று இரும்பு பல்லைக் கடிக்கிற சத்தம். வாங்கிவந்த எஞ்சினில் ஸ்டார்ட்டர் இல்லை என்று ஆச்சு பழையதையே மாட்டியிருந்தான். பழையதன் பல் ஒரு கணக்கு, புதியதன் சக்கரம் ஒரு கணக்கு. அந்த நான்கு வருஷத்தில் அவர்கள் மாற்றாமல் விட்டது என்னதான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ரொட்டிக்கடைக்காரரும் பேப்பர் போடுகிறவரும் ஆச்சுவும் சேர்ந்து தள்ளினார்கள். தெருக்கோடியில் எஞ்சின் இருமிப் பிடித்தது. ஆக்சிலேட்டரில் காலைத் தளர்த்தினாள், துடித்துச் சாகப் பார்த்தது. மறுபடி மிதித்தாள்.

“கால எடுக்காதக்கா. எடுத்தா நின்னுரும்.”

“எடுக்காம எப்படிடா மூட்டை இறக்குறது?”

ஆச்சு வேறு ஸ்டார்ட்டர் தேடி ஓடினான். அவள் வீட்டுக்காரரை ஏறச் சொன்னாள்.

ஸ்டீயரிங் பின்னால் ஒரு நாளும் உட்காராதவர் அவர். ஆஸ்பத்திரி முற்றத்தில் கியரை விடுவித்து, ஹாண்ட்பிரேக்கை இழுத்து, அவர் காலைப் பிடித்து மிதியில் வைத்தாள். இந்த அளவு, கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்றாள். பதினான்கு மூட்டைகளையும் தனியாகவே சுமந்தாள். காவலாளி வந்து எஞ்சினை நிறுத்தச் சொன்னபோது, அவர் நேராகப் பார்த்தபடி முடியாதுங்க என்று மட்டும் சொன்னாராம்.

ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கக் கடைசி மூட்டையும் உள்ளே வந்தது. மேற்பார்வையாளர் எண்ணி முடித்து ஜன்னல் வழியே பார்த்தார்.

“யாரது, புது டிரைவரா? வண்டிய நிறுத்தவே மாட்டாரா?”

“என் வீட்டுக்காரருங்க. நீங்க கையெழுத்துப் போட்டாதான் வண்டி கிளம்பும்.”

போட்டார். புதன்கிழமை அடுத்த வெள்ளையையும் கொண்டுவந்துவிடு என்றார், அதே மெதுவான குரலில். அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இவ்வளவும்.

அழுக்கை ஏற்றிவிட்டு டிரைவர் கதவைத் திறந்தாள். அவள் வைத்த அளவிலேயே அவர் கால் இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

“எடுக்கலாமா?” என்று கேட்டார்.

“எடுத்துராதீங்க. உங்க கால் மேலயே நான் வெச்சுக்கறேன். மெல்ல உருவிக்குங்க.”

பாதி சீட்டில் ஒண்டிக்கொண்டு அவர் பாதத்தின்மேல் தன் பாதத்தை அழுத்தினாள். அவர் ஒரு விரல், இரண்டு விரல் என்று பின்வாங்கினார். எஞ்சின் ஒருமுறை தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டது. அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தார். வண்டி வாசலைத் தாண்டியதுதான் தாமதம், ஞாயிற்றுக்கிழமை திட்ட முடியாமல் விட்டதையெல்லாம் அவள் ஆரம்பித்தாள். எஞ்சின் இரைச்சலில் பாதி அவருக்குக் கேட்கவில்லை.