சொல்லாமல் விட்ட பாதி

வெள்ளைத் துணியில் அன்று மூன்று பூச்சிகள் இருந்தன. இரண்டு செத்தவை. மூன்றாவது மணல் அளவில், பச்சையாய், இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. கொத்தமல்லி ஊறிய தண்ணீரை அந்தத் துணியில் வடித்து, அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் விரித்துப் பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் சமையலறையிலிருந்து உணவு போவது யூதர்களின் விருந்துகளுக்கு. பூச்சி தின்பதை அவர்களுடைய வேதமான தோரா விலக்கியிருக்கிறது. ஒரு பூச்சி கண்டாலும் முழுக் கூடையும் மறுபடி கழுவப்படும். இந்த வேலைக்கு வந்த பிறகு வீட்டில் நான் கீரை தின்பதில்லை.

ஆனால் பூச்சியைவிட எனக்கு அருவருப்பாக இருந்தது நிரஞ்சலா அக்காவின் கை.

அவர் கீரை கழுவுகிறவர். கையுறையைக் கழற்றினால் விரல் இடுக்குகளில் தோல் வெள்ளை வெள்ளையாய் உரிந்து நிற்கும். வெடிப்புகளில் நீர் கசியும். மதியம் உடுப்பு மாற்றும் அறையில் அதே கையால் புட்டுப் பெட்டியைத் திறந்து, "கொஞ்சம் எடு பிள்ளை" என்று நீட்டுவார். எனக்கு வயிற்றுவலி என்பேன்.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது மெட்ரோ ரயிலில், கூட வேலை செய்யும் இந்திரா அக்காவிடம் சொல்லிவிட்டேன்: "அவவின்ர கையைப் பார்த்தா எனக்குத் திண்டதெல்லாம் சத்தியா வருது."

யாரோடும் கதைக்காத நான் சொன்னதாலோ என்னவோ, அந்த வார்த்தைக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. இரண்டு கிழமையில் அது வளர்ந்தது. தோல் சலாட்டுக்குள் விழுந்ததாம். தொற்றுகிற வருத்தமாம். "புருசன் இவவை விட்டுட்டு லவால் பக்கம் தனியாக் குடிபோனதே அந்தக் கைக்குப் பயந்துதான்" என்றார் இந்திரா அக்கா, வாயில் பாண் துண்டை மென்றபடி. அவருடைய பல்லில் ஒட்டியிருந்த பாணைப் பார்க்க எனக்குக் குமட்டியது. நிரஞ்சலா அக்காவின் ஏப்ரனை மாட்டத் தனி ஆணி ஒதுக்கினார்கள். அவர் ஏன் என்று கேட்காமல் அதிலேயே மாட்டினார். திருகோணமலையில் இருக்கும் மகளை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தார். அதற்கு இந்த வேலை அவருக்கு நிலைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை இந்திரா அக்கா என்னைப் பிடித்தார்.

"இண்டைக்கு மதாமிட்டச் சொல்லு. நிரஞ்சலா வேலைக்கு நிண்டா நாங்கள் நிக்கமாட்டம் எண்டு."

"நானோ?"

"பின்ன யார்? பிரெஞ்சு உனக்குத்தானே வரும். நீதானே முதல்ல கண்டனீ."

மதாம் ஒஹயோன் மொரோக்கோவிலிருந்து வந்த யூதப் பெண். அவர்களுடைய சட்டப்படி சமையல் நடக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. வெள்ளிக்கிழமைகளில், அவர்களுடைய ஓய்வுநாளான சபாத்துக்காகச் சமையலறை நேரத்தோடு மூடும். அதற்குமுன் ஐந்து நிமிடம் அந்தக் கிழமைக்கான தோராப் பகுதியைப் பற்றிச் சொல்வார். அங்கே வேலை செய்யும் எங்கள் பெண்களுக்கு நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். வகுப்பின் முன்னால் நின்று கதைக்க முடியாமல் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். இங்கே நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்துவிடுவேன்.

அன்று தோல் நோயைப் பற்றிய பகுதி. தோலில் வெள்ளையாய்ப் படர்ந்தால் பூசகர் வந்து பார்க்க வேண்டும். சந்தேகமென்றால் ஏழு நாள் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த நோய்தான் என்று தெரிந்தால், அந்த ஆள் கூடாரங்களுக்கு வெளியே தனியே இருக்க வேண்டும். அவ்வளவையும் சொன்னேன்.

மதாம் தொடர்ந்தார். இது வைத்தியர் பார்க்கும் நோயல்ல, மற்றவரைப் பற்றிக் கெட்டது பேசியவருக்கு வந்தது என்று எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள். எங்கள் சனத்தை வழிநடத்திய மோசேயின் அக்கா மிரியாம் தம்பியைப் பற்றிப் பின்னால் கதைத்தாள். அவளுடைய தோல்தான் வெளுத்தது. அவளைத்தான் வெளியே அனுப்பினார்கள். அவள் திரும்பி வரும்வரை, ஏழு நாளும், அந்தக் கூட்டம் இடத்தைவிட்டு நகரவில்லை.

நான் வாயைத் திறந்தேன். இந்திரா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதான்" என்றேன்.

"உண்மைதான்" என்றார் எங்களோடு வேலை செய்யும் அக்னெஸ் அக்கா. "எங்கட வேதாகமத்திலயும் கிடக்கு. பாளயத்துக்குப் புறம்பே இருக்கோணும் எண்டு."

"பார்த்தியளே. அவையின்ர கடவுளே சொல்லிப்போட்டார். நாங்கள் சொன்னாத்தான் குற்றம்" என்றார் இந்திரா அக்கா. யாரோ சிரித்தார்கள்.

நிரஞ்சலா அக்கா தன் கைகளைப் பார்த்தார். பிறகு ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, மேசையில் வைத்துவிட்டு உடுப்பு மாற்றும் அறைக்குப் போனார். காலில் கழற்றிய சப்பாத்தைப் பைக்குள் திணிக்கும் சத்தம் கேட்டது.

"அவருக்கு என்ன?" என்று மதாம் என்னிடம் கேட்டார்.

என் வாய்க்குள் கொத்தமல்லி ஊறிய தண்ணீரைக் குடித்ததுபோல ஒரு சுவை. நான் பிரெஞ்சில் சொன்னேன். ஆணி, சலாட், லவால், நான் விட்ட பாதி, எல்லாம். முதலில் சொன்னவள் நான் என்பதையும் சொன்னேன்.

மதாம் ஏசவில்லை. ஆனால் அந்த முகத்தை எனக்குத் தெரியும். துணியில் பூச்சியைக் காணும்போது எனக்கு வருகிற முகம்.

அவர் போய் நிரஞ்சலா அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். வெறுங்கையால் பிடித்திருந்தார். விளக்கு மேசையில் அந்தக் கையை வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் அன்றுதான் சரியாகப் பார்த்தேன். மணிக்கட்டில் கையுறை முடிகிற இடத்தோடு உரிவும் முடிந்திருந்தது.

"ரப்பரும் சவர்க்காரமும்" என்றார் மதாம். "எனக்கும் வந்தது. வைத்தியரிடம் காட்டட்டும். அதுவரை தண்ணீரில் கை வைக்க வேண்டாம், இந்த மேசையில் இருக்கட்டும். நீ கழுவு." பிறகு, "மற்றப் பாதியையும் அவர்களுக்குச் சொல்."

சொன்னேன். மிரியாமிலிருந்து ஏழு நாள் வரை.

"இவ்வளவு நேரமும் ஏன் பிள்ளை அதைச் சொல்லேல்ல?" என்றார் இந்திரா அக்கா.

"உங்களுக்குக் கோபம் வரும் எண்டு."

"இப்ப வரேல்லை எண்டு நினைக்கிறியோ?"

"மிரியாமின்ர விசயம் எனக்கும் தெரியும்" என்றார் அக்னெஸ் அக்கா, நிலத்தைப் பார்த்தபடி. "அந்த நேரம் ஞாபகம் வரேல்ல."

நான் நிரஞ்சலா அக்காவிடம் திரும்பினேன். "சத்தி வருது எண்டு முதல்ல சொன்னது நான்தான் அக்கா."

அவர் மேசையில் வைத்த ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"உனக்கு வயித்துவலி எண்டெல்லோ சொன்னனீ" என்றார்.

அன்று மெட்ரோவுக்கு எல்லோரும் எனக்கு முன்னால் சேர்ந்து நடந்தார்கள். திங்கட்கிழமை வந்தபோது அந்தத் தனி ஆணியில் என் ஏப்ரன் தொங்கியது. யார் மாட்டியது என்று நான் கேட்கவில்லை. பகல் முழுவதும் கழுவினேன். சவர்க்காரம் என் விரல் இடுக்கில் எரிந்தது. மதியம் நிரஞ்சலா அக்கா புட்டுப் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினார். இந்திரா அக்காகூட ஒரு பிடி எடுத்தார். பெட்டி என்னைத் தாண்டிப் போனது.

வெள்ளியிலிருந்து எண்ணினால் ஏழில் இன்று நான்காம் நாள்.