தறயில் வீட்டுப் பெயரைப் பாகம் பிரித்த விதம்

குருவிளயின் வீட்டில் யார் என்ன பேசினாலும் அது வாசற்படியைத் தாண்டாமல் போனது, நில அளவைக்காரர்கள் எங்கள் ஊரான கரையின் வரைபடத்தைக் கணினியில் ஏற்றிய வாரத்திலிருந்துதான். அதே வாரத்தில் அவருடைய தம்பி ஈப்பன் தும்மினால் ஆற்றுக்கு அக்கரையில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. கிணற்றுத் தண்ணீரில் ஏதோ கோளாறு என்றார்கள். குளோரின் போட்டுப் பார்த்தும் மாறவில்லை.

காரணம் தெரிவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. நில அளவைக்காரர்களுக்காக நூலகத்து மாடியில் உட்கார்ந்து வரைபடம் போட்டவள் ரெஜிமோள். ஒவ்வொரு நிலத்துக்குள்ளும் வீட்டுப் பெயரை எழுத வேண்டும், பெயர் எல்லைக் கோட்டைத் தொடக்கூடாது. கையால் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது? எழுத்து நிலத்துக்குத் தகுந்தபடி தானே மாறிக்கொள்ளட்டும் என்ற கட்டத்தில் அவள் டிக் போட்டாள். பெரிய நிலத்தில் சின்னப் பெயர் ஊதிப் பருத்தது, சின்ன நிலத்தில் நீளப் பெயர் எறும்பாகச் சிறுத்தது. வீட்டுக்காரர்களின் குரலும் எழுத்தோடு சேர்ந்து பருத்தது, சிறுத்தது.

வேறு ஊரில் இது இவ்வளவு மோசமாக வந்திருக்காது. எங்கள் வழக்கம் அப்படி. பாகம் பிரித்தால் பூர்வீகமான தறவாட்டு வீடும் பெயரும் கடைசி மகனுக்கு. மூத்தவர்கள் வெளியேறி, பழைய பெயரோடு இன்னொரு சொல்லை ஒட்டிக்கொள்வார்கள். ஈப்பன் ஆறு ஏக்கர் ரப்பருக்கு நடுவில் வெறும் 'தறயில்'. மூத்தவரான குருவிள, மனைவியின் வைத்தியத்துக்காக விற்று விற்றுச் சரிவில் இறங்கியவர். ஒவ்வொரு முறை இறங்கியபோதும் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டார். மனைவியும் போய், கடைசியில் மிஞ்சிய நாலு சென்ட்டில் அவர் 'தறயில் கிழக்கேப்புரைக்கல் புத்தன்பறம்பில் தாழத்தேடத்து'. அதிலிருந்து ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

அவர் மகள் பிளெஸ்ஸிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஜிபின் காதை அவள் வாயருகே வைத்துப் பழகிவிட்டான், அவனுக்குக் குறையில்லை. மறுத்தவர் பங்குச்சாமியார் குன்னேலச்சன்.

"மோளே, சம்மதம்னு நீ சொல்றது எனக்குக் கேக்கணும், சாட்சி ரெண்டு பேருக்கும் கேக்கணும். வாயசைக்கிறத நம்பிக் கட்டி வச்சா, நான் கொட்டாவிதான் விட்டேன்னு நாளைக்கு நீயே சொல்லுவே."

மைக் வைத்துப் பார்த்தார்கள். கொசு பாடுவது போல ஒன்று வந்தது. கல்யாணமாகி ஜிபினின் வீட்டுப் பெயருக்குப் பதமான அளவு நிலத்துக்குப் போய்விட்டால் அவளுக்குக் குரல் வந்துவிடும், ஆனால் அங்கே போவதற்கே குரல் வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு ரெஜிமோள் குருவிளயிடம் இன்னொரு குண்டைப் போட்டாள்.

"எல்லைக் கோட்டை மாத்த எனக்கு அதிகாரமில்ல அச்சாயா. பேரை மாத்தலாம். அடுத்த மாசம் திருத்தம் வருது, ரொம்பப் பொடி எழுத்தையெல்லாம் கம்ப்யூட்டரே மறைச்சிரும். அப்புறம் உங்க வீட்ல சத்தமே இருக்காது."

குருவிளயின் வாயருகே அவள் குனிந்து கேட்ட பதில் இது: "நிலம் போச்சு. பேரும் போனா நான் யாரு?"

அன்று பிளெஸ்ஸி தேவாலயப் படியில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் போனவர்களுக்கும் கேட்கவில்லை. குலுங்கும் தோளை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஈப்பன்தான் அவளுக்கு ஞானத்தகப்பன். பாகம் பிரித்ததிலிருந்து அண்ணனோடு பேச்சில்லை. அவர் நிலைமையும் சிரிப்பாய்ச் சிரித்துக்கொண்டிருந்தது. மனைவியிடம் ரகசியம் பேச முடியாது, அவருடைய மூலநோய்க்கு மூன்று ஊரில் வைத்தியம் சொன்னார்கள். கிட்டே போனால் அண்ணன் வீட்டு ஓடு பறந்துவிடும் என்பதால், தன் முற்றத்திலேயே நின்று, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சொன்னார்:

"அச்சாயா! தறயிலை நீ எடுத்துக்கோ! உன் பேரோட வால் மூணையும் எனக்குத் தந்துரு!"

கரை முழுக்கக் கேட்டது, இனி வாபஸ் வாங்க முடியாது. பின்னாலேயே அவர் மனைவி, தறவாட்டுப் பெயர் போச்சே என்று அழுததும் கேட்டது. குருவிள என்ன பதில் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் நூலகத்து மாடிப்படி ஏறியதை எல்லோரும் பார்த்தோம்.

கல்யாணத்தன்று காலையில்தான் திருத்தம் ஏறியது. நாலு சென்ட்டில் 'தறயில்' கச்சிதமாக உட்கார்ந்தது, ஆறு ஏக்கரில் மூன்று வாலும் காலை நீட்டிப் படுத்தன. குன்னேலச்சன் கேள்வியைக் கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் காதருகே கையைக் குவித்துக் குனிந்தார்.

"சம்மதம்," என்றாள் பிளெஸ்ஸி.

சாதாரணக் குரல். கடைசி வரிசை வரை கேட்டது. குருவிள தேவாலயம் என்றும் பாராமல் எழுந்து, "கேட்டுச்சு! என் பிள்ளை சொன்னது கேட்டுச்சு!" என்று கூவினார்.

"கத்தாதே அச்சாயா," என்றார் பக்கத்தில் இருந்த ஈப்பன், மெதுவாக.

இப்போது எங்கள் கரையில் பாகம் வைத்தால் நிலத்தை அளந்த பிறகு பெயரையும் அளந்து, நீளமானதைப் பெரிய துண்டுக்குக் கொடுக்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து ஈப்பன் அண்ணன் வீட்டுக்கு வந்து, பழைய பாகப்பிரிவினையைப் பற்றிச் சண்டை போடுகிறார். பக்கத்து வீடு வரைக்கும்தான் கேட்கிறது.