துரை அறைச் சேர்வர்

2004ஆம் ஆண்டு, கொட்டகலைக்கு மேலேயிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு, சேர்வர் என்ற பெரிய கம்பியூட்டர் ஒன்று வந்து சேர்ந்தது. எல்லா வேலையும் அதற்குள்ளேயே நடக்கும். அங்கிருந்த நான்கு கிழட்டுக் கம்பியூட்டர்களும் அதன் திரையைக் காட்டிக்கொண்டிருந்தால் போதும். நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தி வேலை செய்ய நாலு பேர் வேடிக்கை பார்ப்பது இந்த ஆபீசுக்கு என்ன புதிதா?

அவள் அங்கே தற்காலிகக் கிளாக்கர். சேர்வர் ஒழுங்காக ஓடினால் மாதக் கடைசியில் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அம்மாவைப்போல் கொழுந்துக் கூடைதான்.

"தபால் ரூம்ல வச்சிரலாங்க. நின்னு போனா நாமளே போயி பாத்துக்கலாம்" என்றாள்.

பெரிய கிளாக்கர் சிவசாமிக்கு வந்ததே கோபம். "என்னா பேச்சு பேசுற நீ? அம்புட்டு பெரிய மெசினு தொர ரூம்லதான் இருக்கணும்."

கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் குகநேசன் படித்த மனிதர். இது மடத்தனம் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும், மணியடித்துக் கூப்பிடாமல் யாரும் நுழைய முடியாத, தோட்டத்து மானேஜரான துரையின் அறையில் சேர்வரைப் பூட்டி, சிவசாமி அதற்குச் சந்தனப் பொட்டு வைப்பதையும் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு நான்கு திரைகளும் செத்தன. அடுத்த நாளும் அதே பன்னிரண்டரை. குகநேசன் திரும்பி வந்து வயர்களையெல்லாம் பிடுங்கி மாட்டினார். "லைன் பிழை போல கிடக்கு, தங்கச்சி." கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை அந்த மேதாவிக்கு.

பன்னிரண்டரைக்குத் துரை பங்களாவுக்குச் சாப்பிடப் போவார். சேர்வரின் இரைச்சல் பிடிக்காமல், போகும்போது சுவிட்சை அணைத்துவிடுவார். 'டக்' என்ற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும். சிவசாமிக்கும் நன்றாகவே கேட்டது. ஆனால் துரையைக் குற்றம் சொல்வதாவது! "அந்தப் புள்ளதான் எதையோ அமுக்கிருது" என்று முடிவுகட்டி, அவளை நீக்கும்படி கொழும்புத் தலைமை ஆபீசுக்கு ஒரு கடிதம் அடிக்க உட்கார்ந்தார்.

ஒற்றை விரலால் பத்து மணிக்குத் தொடங்குவார். பன்னிரண்டரைக்கு 'டக்'. கடிதம் போய்விடும். சேமிக்கத் தெரியாது, கேட்கக் கௌரவம் விடாது. மூன்று நாள் இதே கூத்து. நான்காம் நாள் பன்னிரண்டு மணிக்கு, கையால் எழுதிய தாளை அவளிடமே நீட்டினார்.

"புள்ள, தொர போறதுக்குள்ள இத அடிச்சு குடு."

வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே! அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அருவருப்பு வந்தது. எட்டே நிமிடத்தில் அடித்து முடித்தாள். சிவசாமி எழுதியதில் தேதியை மட்டும் மாற்றவில்லை.

சிவசாமி முத்திரை குத்தினார். துரை தொப்பியை மாட்டிக்கொண்டே கையெழுத்திட்டார். மற்றவர் வாசித்திருப்பார் என்று இருவரும் இருபது வருடமாக நம்பி வந்த ஆபீஸ் அது.

பத்தாம் நாள் பதில் வந்தது. சேர்வரைத் தினமும் அணைத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்ட துரையின் நேர்மைக்குத் தலைமை ஆபீசின் பாராட்டுகள். பிழையைக் கண்டுபிடித்த நாகலெட்சுமியை நிரந்தரமாக்க அவர் செய்த சிபாரிசும் ஏற்கப்பட்டது.

துரை மணியடித்து இருவரையும் கூப்பிட்டார். பதிலை இரண்டு தடவை வாசித்தார். அவளைப் பார்த்தார், சிவசாமியைப் பார்த்தார். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எந்தத் துரை வாய்விட்டுச் சொல்வான்?

"இத தபால் ரூமுக்குக் கொண்டு போ" என்று சேர்வரைக் காட்டினார்.

சிவசாமிதான் தூக்கினார். நாகலெட்சுமி அவருக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.