அஃறிணைக் கோப்புறை

மெய்ப்பரின் கணினியில் ஒழுங்கு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒழுங்கு இருந்தது, அது இலக்கண ஒழுங்கு. திரை விழித்ததும் உயர்திணை, அஃறிணை என்று இரண்டே கோப்புறைகள் தெரியும். உயர்திணைக்குள் ஆண்பால், பெண்பால், பலர்பால். மகனின் படங்கள் முதலாவதில், மருமகளின் படங்கள் இரண்டாவதில், இருவரும் மாலையும் கழுத்துமாக நிற்பவை மூன்றாவதில். பேரக்குழந்தையின் படத்துக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. 'குழந்தை அழுதது' என்றுதான் உலகம் பேசுகிறது. அதை நம்பி அஃறிணையில் வைத்தால் மருமகள் அழுவாள். ஆகவே அந்தப் படம் திரையின் நடுவே, வீடு ஒதுக்கப்படாத அரசு ஊழியரைப் போலக் காத்துக் கிடந்தது.

வாழ்நாளெல்லாம் ஓர் அச்சகத்தில் பிறருடைய பிழைகளைத் திருத்திச் சோறு உண்டவர் அவர். மெய்ப்புப் பார்த்ததால் மெய்ப்பர். ஓய்வு பெற்ற பின்னும் கை அரித்தது. மருந்துச் சீட்டு, பேருந்துப் பலகை, இரங்கல் சுவரொட்டி எதையும் விட்டுவைக்கவில்லை. இறந்தவர் வீட்டு வாசலில் நின்று, "'கண்ணீர் அஞ்சலி'யில் இரண்டு சுழி போட்டிருக்கிறார்கள், மூன்று வேண்டும்" என்று சொன்ன நாளிலிருந்து, துக்க வீடுகளுக்கு மனைவி மட்டுமே போய் வந்தார்.

கணினியைச் சீர்செய்து கற்றுக்கொடுப்பதற்கென்று, தொலைவில் இருந்த மகன் ஓர் ஆசிரியையை ஏற்பாடு செய்திருந்தான். தொலைபேசி அலுவலகத்திலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். வீடு வீடாகச் சென்று முதியவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பவர். முதல் நாள் அவர் நீட்டிய அட்டையில் 'மூத்தோருக்கு கணினி' என்று இருந்தது. மெய்ப்பர் வணக்கம் சொல்வதற்கு முன் சிவப்புப் பேனாவை எடுத்து, நடுவில் ஒரு 'க்' சேர்த்து, அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது உங்களுக்குத்தான் சார். நீங்களே வச்சுக்கங்க" என்றார் ஆசிரியை.

"திருத்தாத அட்டை எத்தனை வெளியே போயிருக்கு?"

"போன இடத்துல எல்லாம் வேலை கிடைச்சுது சார்."

ஆசிரியைக்கு ஒரே ஒரு விதி உண்டு: மாணவரின் மவுஸைத் தொடமாட்டார். "நான் தொட்டா நான்தான் கத்துக்குவேன். எனக்கு ஏற்கெனவே தெரியும்" என்பார். இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தேர்வு அறைக் கண்காணிப்பாளரைப் போல நிற்பார். ஒரு படத்தைப் பிடித்து இழுத்து இன்னொரு கோப்புறையில் போடுவதற்கு மெய்ப்பர் பட்ட பாட்டைப் பார்த்தபோதும் அந்தக் கைகள் முன்னால் வரவில்லை. இழுத்த படம் ஒவ்வொரு முறையும் பாதி வழியில் நழுவி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது.

"கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போகுது" என்றார் மனைவி, கூடத்தில் கீரை ஆய்ந்தபடி.

கோப்புறைகளின் பெயரை மாற்றலாமே என்று ஆசிரியை மெல்லச் சொல்லிப் பார்த்தார். மின்கட்டணம், மருத்துவம், குடும்பம் என்று வைத்தால் எல்லோருக்கும் புரியும்.

"எல்லாருக்கும் புரியணும்னா எதுக்கும்மா இலக்கணம்?"

"இவர் வகுத்த லட்சணத்தைப் பாருங்க" என்றார் மனைவி. "நம்ம நாய் அஃறிணையில இருக்கு. என் தம்பி உயர்திணையில இருக்கான். ரெண்டு பேரையும் தெரிஞ்சவங்க யாராவது இதை ஒத்துக்குவாங்களா?"

அஃறிணையில் நாய்க்குத் துணையாக ஒரு மனிதரும் இருந்தார். அச்சகத்தில் மெய்ப்பரின் கீழ் வேலை பார்த்து, இப்போது அவருடைய நாற்காலியில் அமர்ந்திருப்பவர். மெய்ப்பர் ஓய்வு பெற்ற நாளில் வாயிலில் வைத்த அறிவிப்பில், 'எங்கள் மெய்ப்பர் விடைபெறுகிறார்' என்று எழுதவேண்டிய இடத்தில், ஒற்றைக் கொம்புக்குப் பதிலாக இரட்டைக் கொம்பைப் போட்டுவிட்டார். 'எங்கள் மேய்ப்பர் விடைபெறுகிறார்.' அச்சகம் முழுவதும் ஒரே நொடியில் ஆட்டு மந்தையானது. அன்று முதல் அந்த உதவியாளரின் பெயர் இரட்டைக்கொம்பன். விடைபெறும் விழாவில் இருவரும் கைகுலுக்கிய படத்தை மெய்ப்பர் அஃறிணையில்தான் வைத்திருந்தார். கேட்டால், "ரெண்டு கொம்பு இருக்கிறது எதுவா இருந்தாலும் அங்கதான்" என்பார். அதே படத்தில் தாமும் நிற்பது அவருடைய தர்க்கத்துக்கு இடையூறாகத் தோன்றவில்லை.

இத்தகைய ஒழுங்குக்கு நடுவில்தான் அத்தியாயம் காணாமற்போனது.

பிழையின்றி எழுதுவதற்கான கையேடு ஒன்றை அச்சகம் வெளியிடவிருந்தது. ஒற்று மிகும் இடங்கள், மிகா இடங்கள் பற்றிய அத்தியாயத்தை எழுதும் பொறுப்பு மெய்ப்பருக்கு வந்தது. மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து எழுதினார். எழுதிய கடைசி நாளில், "சோறு ஆறுது, வர்றீங்களா, நாய்க்குப் போடவா?" என்று மனைவி குரல் கொடுக்கவே, அவசரமாகப் பெயரிட்டுச் சேமித்துவிட்டு எழுந்தார். இன்று மாலைக்குள் அத்தியாயம் அச்சகம் சேரவேண்டும். சேராவிட்டால் அந்த இடத்தில் இரட்டைக்கொம்பன் எழுதி வைத்திருப்பது அச்சேறும். ஒற்றைப் பற்றி, இரட்டைக்கொம்பன்!

"தேதியை வச்சுத் தேடலாமா?" என்று கேட்டார் மனைவி. கீரைக்கட்டு முடிந்திருந்தது, இப்போது அவரும் நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டார்.

"அதான் முடியலைம்மா. சார் எழுதி முடிச்சப்புறம் உங்க பையன் வந்து பழைய கம்ப்யூட்டர்லேர்ந்து இதுக்கு மாத்தினப்ப, எல்லா ஃபைலுக்கும் ஒரே தேதி விழுந்திருக்கு" என்றார் ஆசிரியை. "எல்லாம் ஒரே நாள்ல பொறந்த பிள்ளைங்க மாதிரி நிக்குது. சார், பேரை அடிங்க."

மெய்ப்பர் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தையும் வாழ்த்தி அனுப்புபவரைப் போலத் தட்டினார்: சந்திப்பிழை. 'முடிவுகள் ஏதும் இல்லை' என்றது திரை.

"எவ்வளவு சுத்தமா எழுதியிருக்கான்" என்றார் மெய்ப்பர், திரையில் வந்த அந்த வரியைப் பார்த்து, தம்மை அறியாமல்.

"அதுல மதிப்பெண் போட்டாச்சுன்னா அடுத்ததைப் பார்க்கலாமா சார்?"

அடுத்ததையும் பார்த்தார்கள். அஃறிணையை ஒன்றன்பால், பலவின்பால் என்று குடைந்தார்கள். குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தார்கள். வெயில் சன்னலைக் கடந்து எதிர்ச்சுவருக்குப் போனது. பிறகு ஆசிரியை, நெருப்புப் பெட்டியை நீட்டும் தயக்கத்துடன் சொன்னார்:

"சார், நான் சொல்ற மாதிரி ஒரு தடவை அடிங்க. ச, ந், தி, பி, ழை."

மெய்ப்பரின் விரல் அந்தரத்தில் நின்றது. "நடுவுல 'ப்' எங்க?"

"நான் எழுதினா அப்படித்தான் சார் எழுதுவேன்."

"நீங்க எழுதுவீங்க. இது நான் எழுதினது."

"ஃபைல் தொலைஞ்சுதுன்னு கூப்பிடுற வீட்டுல எல்லாம், ஃபைல் தொலைஞ்சிருக்காது சார். பேரை ஏதோ மாதிரி அடிச்சிருப்பாங்க."

"சந்திப்பிழையைப் பத்தி எழுதினவன், தலைப்புல சந்திப்பிழை விடுவானா?"

"சாப்பிடக் கூப்பிட்டா எவனும் விடுவான்" என்றார் மனைவி.

வேண்டுமென்றே பிழையாக எழுதுவது என்பது மெய்ப்பர் தம் வாழ்நாளில் செய்யாத காரியம். அதைவிட, அது பலித்துவிடுமோ என்பதுதான் பெரிய அச்சம். பலிக்காவிட்டால் அத்தியாயம் போகும். பலித்தால் அவரே போவார். விசைப்பலகையை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீங்களே அடிங்கம்மா."

முதுகுக்குப் பின்னாலிருந்த கைகள் அசையவில்லை. "நான் தொடறதில்லை சார்."

தொலைபேசி அடித்தது. மனைவி எடுத்துக் கேட்டுவிட்டு, ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "அச்சகத்து முதலாளி. பக்கம் கட்டி அச்சுக்கு அனுப்பப் போறாங்களாம். உங்களுது வருமா, இல்ல கொம்பனோடதைப் போட்டுடவான்னு கேக்கறார்."

மெய்ப்பர் கண்களை இறுக மூடிக்கொண்டார். விளக்கெண்ணெய் குடிக்கும் பிள்ளையைப் போல முகத்தைச் சுளித்து, ஒற்றை விரலால், ஒற்றை விட்டுத் தட்டினார்.

கண்ணைத் திறந்தபோது கோப்பு அங்கே இருந்தது. ஒன்றே ஒன்று. அவருடையது.

நாற்காலிக்கடியில் கிடந்த நாய் ஒருமுறை வாலை ஆட்டியது. "வருதுங்க" என்று மனைவி தொலைபேசியிடம் தாமே சொல்லி, வைத்துவிட்டார்.

மெய்ப்பர் கோப்பைத் திறந்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எல்லா ஒற்றுகளும் இருந்தன. உள்ளே இருந்தவை அவருக்கு ஆறுதல் தரவில்லை. "பேரை மாத்திட்டு அனுப்புவோம்" என்றார். மாற்றப் போனால் கணினி மறுத்தது: கோப்பு திறந்திருக்கிறது, மூடினால்தான் பெயர் மாற்றலாம். மூடப் போனால், மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. தாம் எதையும் மாற்றவில்லையே, இது எந்த மாற்றத்தைச் சொல்கிறது என்று அவர் கணினியுடன் வாதிடத் தொடங்கியபோது தொலைபேசி மறுபடியும் அடித்தது.

"அனுப்பித் தொலைங்க!" என்றார் மனைவி.

மெய்ப்பர் அனுப்பினார். கோப்பு, ஒற்று இழந்த பெயருடன் அச்சகம் சென்றது.

காபி ஆறுவதற்குள் பதில் வந்தது. அனுப்பியவர் இரட்டைக்கொம்பன். ஆசிரியை பார்வையைச் சன்னலுக்கு வெளியே திருப்பிக்கொண்டார். மெய்ப்பர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, அடிக்கோலைத் திரையில் வைத்து, வரி வரியாகப் படித்தார்.

'மதிப்பிற்குரிய மெய்ப்பர் அவர்களுக்கு, அத்தியாயம் கிடைத்தது. நான் எழுதியதை எடுத்துவிட்டு இதைச் சேர்த்தாயிற்று. கோப்பின் பெயரில் மட்டும் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது, சேர்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.'

மறுபடியும் படித்தார். அடிக்கோலை அகற்றிவிட்டு இன்னொரு முறையும் படித்தார். 'மெய்ப்பர்' என்பதில் ஒற்றைக் கொம்புதான் இருந்தது. 'ஓர் ஒற்று' என்பதில் 'ஓர்' தான் இருந்தது. சிவப்புப் பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, மேசைமேல் வைத்தார்.

"என்னவாம்?" என்று கேட்டார் மனைவி.

"கிடைச்சுதாம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லை." மெய்ப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பிழையே இல்லை."

பிறகு அவர் அஃறிணையைத் திறந்தார். கைகுலுக்கும் படத்தைப் பிடித்து இழுத்தார். பாதி வழியில் அது நழுவியது. மறுபடியும் பிடித்து, இம்முறை விரலைத் தளர்த்தாமல், ஊர்வலம் போவதைப் போல மெல்ல இழுத்துக்கொண்டு போய் உயர்திணையின் மேல் விட்டார். படம் உள்ளே போயிற்று.

"இழுக்கக் கத்துக்கிட்டீங்க சார்" என்றார் ஆசிரியை. கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன.

மனைவி அஃறிணைக் கோப்புறையை எட்டிப் பார்த்தார். ரசீதுகளுக்கு நடுவில் நாய் தனியாக இருந்தது. "அப்போ இவன்?"

"நாயைப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார் மெய்ப்பர்.