அவளுக்கு மேலால அடி

1.
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மாலை நேர எழுத்து வகுப்பில் "ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கை" எழுதச் சொன்னார்கள். நான் கஜந்தினி அக்காவை எடுத்தேன்.

கஜந்தினி ஆறு வருடம் போர்த்துக்கலில் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடி, முழங்கால் பழுதாகி, மொன்றியல் திரும்பினார்.

[வேலைக்கு விண்ணப்பிப்பது போல இருக்கிறது. வெட்டு.]

2.
வேறு தொடக்கம்: அவர் ஆடிய காலத்தில் மொன்றியலில் எங்கட ஆக்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் கடைகளில் அவருடைய படம் தொங்கியது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ புறநகரில் ஒரு கல்லூரியின் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வந்ததும் அதே கடைகளில், "ஏன், வேற வேலை கிடைக்கேல்லையோ?" என்றார்கள்.

[கோபம் நடையைக் கெடுக்கும் என்கிறார் வகுப்பு ஆசிரியர். கெடட்டும்.]

3.
நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அணியில் தமிழ் தெரிந்தவள் என் தங்கை ஆர்த்திகா மட்டும். எதிரணிக்கு விளங்கக்கூடாது என்று அக்கா அவளுக்குத் தமிழில்தான் கத்துவார். போன மாத ஆட்டத்தில் எதிரணியின் ஒரு நெட்டைப் பிள்ளை அவளை மறித்து நின்றாள். அக்கா கத்தினார்:

"அவளுக்கு மேலால அடி!"

மறிப்பவளின் தலைக்கு மேலால் பந்தைக் கூடைக்குள் அடி என்று அர்த்தம். ஆர்த்திகா எழும்பினாள். அவளுடைய முழங்கை அந்தப் பிள்ளையின் மூக்கை உடைத்தது.

பார்க்க வந்திருந்த ஒரு தமிழ்ப் பெட்டை பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பிரெஞ்சில் சொன்னாள்: அவளை அடிக்கச் சொல்கிறா. [அவள் வீட்டில் 'அடி' என்றால் முதுகில் விழுவது மட்டும்தானாக்கும்.] கல்லூரிக்கு முறைப்பாடு போனது. அக்காவை இடைநிறுத்தினார்கள். நாளை விசாரணை.

4.
விசாரணையில் ஆர்த்திகாவிடம் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: உனக்கு என்ன விளங்கியது? பந்தை அடிக்கச் சொன்னதாக விளங்கியது என்றால் குற்றம் அவளுடைய முழங்கைக்கு. பல்கலைக்கழக அணி தருவதாகச் சொன்ன இடம் போய்விடும். ஆளை அடிக்கச் சொன்னதாக என்றால் அக்காவின் வேலை போய்விடும்.

"அடி எண்டுதான் விளங்கினது எண்டு சொல்லு. பொய்யில்லைத்தானே," என்றார் அம்மா.

"அம்மா, பிரெஞ்சில 'தீரே'யோ 'ஃபிராப்பே'யோ எண்டு கேப்பினம். பந்தை எறியிறது ஒண்டு, ஆளை அடிக்கிறது ஒண்டு. ரெண்டுக்கும் சேத்து ஒரு சொல் அவையளிட்ட இல்லை," என்றாள் ஆர்த்திகா.

"உனக்கு உண்மையா என்னடி விளங்கினது?" என்றேன்.

"நீ கதை எழுது, அண்ணா. என்னை விடு."

[அக்கா ஃபோன் எடுத்து, "என்ர வேலை போனாப் போகட்டும், நீ விளையாடு" என்றதாக எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.]

ஃபோனில் அவர் உண்மையில் சொன்னது இதுதான்: "முழங்கையை மடக்கி வை எண்டு எத்தினை தரம் சொன்னனான்? நாளைக்கு வந்து உள்ளதைச் சொல்லு. இல்லாட்டி என்ர முகத்தில முழியாத."

5.
முடிவு அ: தங்கை 'தீரே' என்கிறாள்; அவளுடைய இடம் போகிறது. [தங்கை நல்லவளாக இருக்கவேண்டும் என்று அண்ணன் எழுதிய முடிவு.]

முடிவு ஆ: 'ஃபிராப்பே' என்கிறாள்; அக்காவின் வேலை போகிறது. [இதை எழுதிவிட்டு அவளுடைய அறைப்பக்கம் போக முடியவில்லை.]

இரண்டிலும் அந்தக் கல்லூரி விசாரணைக் கதிரைகளை அடுக்கிவிட்டு, எதையும் இழக்காமல் வீட்டுக்குப் போகிறது. தமிழ் கதைத்த ஒருத்தி மட்டும் விழுகிறாள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முடிவு இ: கேள்வி கேட்கப்படுகிறது. எதிர்க் கதிரையிலிருந்து அக்கா அவளையே பார்க்கிறார். ஆர்த்திகா சொல்கிறாள்: "

[மேற்கோள் குறியைத் திறந்துவிட்டேன், மூடமாட்டேன். அவளுடைய கதிரையில் நீங்கள் இருந்து பதில் சொல்லுங்கள். 'அடி' என்று தமிழில் சொல்லித் தப்பக்கூடாது.]