புள்ளிக்கோட்டுக்குள் ஒரு மருமகள்

‘அடுத்த பதிப்பில் மருமகள்களுக்கும் மருமகன்களுக்கும் முழுக்கட்டம்’ என்று மாதச் செய்தி மடலில் நாலு வரி எழுதி அனுப்பியபோது, தேன்கூட்டில் கல்லெறிகிறோம் என்று முதலாளிக்குத் தோன்றவில்லை. அனுப்பிவிட்டு, ரொம்ப நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய கம்பெனி ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடியில் இரண்டு அறைகளில் நடந்தது. ‘கொடிவழி’ என்று ஒரே ஒரு சாப்ட்வேர். தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்களை எல்லாம் உள்ளே போட்டால் குடும்பத்தை மரமாக வரைந்து காட்டும். நிரல் எழுதுவது, விற்பது, பியூஸ் போனால் மாற்றுவது எல்லாம் முதலாளியே. வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுத மட்டும் ஒரு அம்மாள் இருந்தார். அதற்கு முன்பு ரயில் நிலையத்தில் விசாரணை கவுண்டரில் இருந்தவர். எதிரே நின்று யார் எப்படிக் கத்தினாலும் அவர் முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்த அசைவுகூட இருக்காது. சாப்ட்வேரை வாங்கியவர்கள் கூடிப் பேச இணையத்தில் ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். அங்கே அவருக்குப் பெயர் ‘புகார் அக்கா’.

கொடிவழி வரையும் மரத்தில், குடும்பத்தில் பிறந்தவர்கள் முழுக்கோட்டுக் கட்டத்துக்குள் இருப்பார்கள். கல்யாணமாகி வந்தவர்கள் பக்கத்தில் ஒரு புள்ளிக்கோட்டுக் கட்டத்துக்குள் இருப்பார்கள். இதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. முதல் பதிப்பை எழுதும்போது கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. எது எது என்று தெரிவதற்காக முதலாளி புள்ளிக்கோடு போட்டார். பிறகு எடுக்க மறந்துவிட்டார். ஆனால் மன்றத்தில் இருந்தவர்கள் அதற்கு வேதாந்தமே எழுதி வைத்திருந்தார்கள்.

மடல் போன அன்று சாயங்காலமே மன்றம் கொதித்தது. முதலில் குதித்தவர் ‘ஆலமரம்’ என்ற புனைபெயர்க்காரர்.

“வந்தவங்களுக்கெல்லாம் முழுக்கட்டமா? நாளைக்குப் பால்காரரும் கட்டம் கேப்பாரு. தினம் வீட்டுக்கு வர்றாரே!”

கொஞ்ச நேரத்தில் ‘சில்வண்டு’ என்ற பெயரில் ஒருத்தி பதில் போட்டாள்.

“ஆலமரம் ஐயா, உங்க அம்மா எங்கிருந்து வந்தாங்க? விழுதுலயா இறங்கினாங்க? அவங்களும் பொட்டியோட வந்தவங்கதானே?”

“என் அம்மாவை இழுக்காதே. வாய் நீளம்னா அது வளர்ப்பு சரியில்லைன்னு அர்த்தம்.”

“உங்க வீட்டு மருமகளை நெனச்சா பாவமா இருக்கு.”

“என் மருமகளுக்கு என்ன குறை? வாயில விரல் வெச்சாக் கடிக்கத் தெரியாத பொண்ணு. நீ அவகிட்டப் பாடம் கத்துக்கணும்.”

மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சிலர் கட்சி கட்டினார்கள். வருடக்கணக்காகத் தலைகாட்டாதவர்கள்கூடக் கடவுச்சொல்லை மறந்துவிட்டதாக அக்காவுக்கு எழுதி, புதிதாக வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

“இந்த ரெண்டு பேரையும் வெளிய தள்ளிடலாமா?” என்றார் முதலாளி.

“தள்ளினா மன்றத்துல ஈ ஓட்டணும். சும்மா இருங்க சார்” என்றார் அக்கா.

புதிய பதிப்பை முன்னோட்டமாகச் சிலருக்குக் கொடுத்தார்கள். திறந்தவுடன் அது மூடிக்கொள்கிறது என்று ஆலமரத்திடமிருந்து புகார் வந்தது. அதே புகார் சில்வண்டிடமிருந்தும் வந்தது. இரண்டு பேரும் தங்கள் குடும்ப மரத்தின் ஃபைலை அனுப்பியிருந்தார்கள். அக்கா ஒன்றைத் திறந்தார். பிறகு மற்றதைத் திறந்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

இரண்டு மரத்தின் நுனியிலும் ஒரே மகன் தொங்கினான், வாயைத் திறந்தபடி எடுத்த ஒரே புகைப்படத்தில். ஆலமரத்தின் மரம் அவருடைய முப்பாட்டனாரில் தொடங்கியது. அதில் அவர் மனைவியும் மருமகளும் புள்ளிக்கோட்டுக்குள் இருந்தார்கள். சில்வண்டு தன் மாமியாரின் பிறந்த வீட்டிலிருந்து மரத்தைத் தொடங்கியிருந்தாள். அதனால் மாமியாருக்கு முழுக்கட்டம். கல்யாணமாகி ‘வந்தவர்’ என்று மாமனார் புள்ளிக்கோட்டுக்குள் ஒண்டிக்கொண்டிருந்தார்.

“சார், இவங்க மாமனாரும் மருமகளும். ஒரே வீடு. ரெண்டு புகாரும் ஒரே கம்ப்யூட்டர்லேர்ந்துதான் வந்திருக்கு. யார்கூடச் சண்டை போடறோம்னு ரெண்டு பேருக்குமே தெரியலை.”

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

“சிரிங்க. ஆனா வாயத் திறந்துடாதீங்க. அவங்க வீட்டுக் கதை நமக்கு எதுக்கு?”

முதலாளி வாயைத் திறக்கவில்லை. மெயில் அனுப்பினார். கோளாறைச் சரிசெய்த மகிழ்ச்சியில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மெயிலாகப் போட்டார்: ‘அன்புள்ள ஆலமரம், சில்வண்டு, திருத்திய பதிப்பை இணைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர்தான் என்பதால் யாராவது ஒருவர் போட்டால் போதும்.’

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “தவளை தன் வாயால கெடும்பாங்க. நீங்க அடுத்தவங்களையும் சேர்த்துக் கெடுத்துட்டீங்களே சார்!”

மன்றத்தில் சண்டை அத்தோடு நின்றது. ஆலமரம் எங்கே, சில்வண்டு எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பதில் இல்லை. அந்த வாரக் கடைசியில் ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. அக்கா எடுத்தார்.

“மேடம், நான் அந்த வீட்டுப் பையன் பேசறேன். அந்த மரத்துல கடைசியில இருக்கேனே, அவன்.”

“சொல்லுங்க தம்பி.”

“எங்க வீட்டுல இத்தனை வருஷமா ‘சாப்பிடுங்க மாமா’, ‘சரிம்மா’, இதைத் தவிர ஒரு சத்தம் கிடையாது மேடம். இப்போ பல்லு விளக்கும்போதே ஆரம்பிச்சுடறாங்க. ‘பால்காரர் வந்திருக்காரு, கட்டம் போட்டு உக்காரவைங்க மாமா’ன்னு இவ கத்தறா. ‘வாயில விரல் வெச்சேன், கையே போச்சு’ன்னு அப்பா கத்தறாரு. தயவுசெஞ்சு ரெண்டு பேரையும் மறுபடி மன்றத்துக்குள்ளயே அனுப்பிடுங்க மேடம். புண்ணியமாப் போகும்.”

“கொட்டின பாலை எப்படித் தம்பி அள்ளறது?” என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அவன் போனை வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் இருவரும் நேரிலேயே வந்துவிட்டார்கள். பெரியவர் முன்னால், அவள் பின்னால். ஒரே நாற்காலிதான் காலியாக இருந்தது.

“உக்காருங்க மாமா.”

“நீ உக்காரு. மூச்சு வாங்குது உனக்கு.”

“எனக்கா? மாடிப்படியில ரெண்டு தடவை நின்னது யாரு?”

கடைசியில் இரண்டு பேருமே நின்றுகொண்டு முதலாளியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக வேறு எதையும் செய்திருக்க மாட்டார்கள் என்று அக்காவுக்குத் தோன்றியது.

“ஒருத்தர் யாருன்னு இன்னொருத்தருக்குச் சொல்ல நீங்க யாருய்யா?” என்றார் பெரியவர்.

“நல்லாக் கேளுங்க மாமா” என்றாள் அவள்.

முதலாளி மன்னிப்புக் கேட்டார். ஒரு தடவை கேட்டது போதவில்லை. இன்னொரு தடவை கேட்டார். அதற்குப் பிறகும் அவர்கள் போகவில்லை. பெரியவர் தொண்டையைச் செருமினார். குரல் இறங்கியிருந்தது.

“சண்டை முத்தின அன்னிக்கு இவ போட்ட மரத்தைத் திறந்து பார்த்தேன். என்னைப் புள்ளிக்கோட்டுல வெச்சிருக்கா. சரி, கொழுப்பு. ஆனா என் சம்சாரம் முழுக்கட்டத்துல இருக்கா. அவளுக்கு மேல அவ அப்பா, அம்மா, ஒரு அக்கா. சின்ன வயசுலயே போயிட்ட அக்காவாம். எனக்கு அப்படி ஒரு ஆளு இருந்ததே தெரியாது. கூடவே குடும்பம் நடத்தியிருக்கேன், நான் கேட்டதே இல்லை.”

“அத்தை கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தப்போ சொன்னாங்க” என்றாள் மருமகள். “பக்கத்துல உக்காந்திருப்பேன். பொழுது போகணும்ல, ஒவ்வொருத்தரா சொல்லிக்கிட்டே வருவாங்க.”

கீழே பல் மருத்துவரின் இயந்திரம் ஒரு பாட்டம் கத்தி ஓய்ந்தது. பெரியவர் சட்டைப் பையைத் தடவினார். பையில் ஒன்றும் இல்லை; கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

“என் மரத்துலயும் அவளுக்கு முழுக்கட்டம் போடணும். உங்க பழைய பதிப்புல முடியலை. புதுசுல போட்டா எல்லாருக்கும் சேர்த்து விழுது. அது வேண்டாம். யாருக்கு எந்தக் கோடுன்னு அவங்கவங்க முடிவு பண்ற மாதிரி செஞ்சு குடுங்க.”

முதலாளி சற்று யோசித்தார். “செய்யலாம் சார். அப்போ உங்க மருமகளுக்கு எந்தக் கோடு?”

“அது இன்னும் பேச்சுவார்த்தையில இருக்கு” என்றார் பெரியவர்.

“இவருக்கும் அப்படித்தான்” என்றாள் மருமகள்.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ போடப் போனார்.

பெரியவர் கேட்டபடியே புதிய பதிப்பு வெளியானது. இந்த முறை செய்தி மடலை அக்காதான் எழுதினார். முதலாளியை விசைப்பலகைப் பக்கமே விடவில்லை. முழுக்கோடு, புள்ளிக்கோடு இரண்டுமே இருக்கின்றன, வேண்டியதைப் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுச் சண்டைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சுருக்கமாக முடித்தார். வேதாந்திகள் சிலர் மனம் புண்பட்டு மன்றத்தைவிட்டு விலகுவதாக அறிவித்தார்கள். யாரும் தடுக்காததால் இரண்டொரு நாளில் அவர்களே திரும்பி வந்தார்கள்.

ஆலமரமும் சில்வண்டும் அதே பெயர்களில் மறுபடி எழுத ஆரம்பித்தார்கள். இப்போது சண்டை பெயர்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைப் பற்றி, வயதுப்படியா, அகரவரிசைப்படியா? அவர் வயது என்றார், அவள் அகரவரிசை என்றாள். ஒரு நாள் மத்தியானம் வாதம் உச்சத்தில் இருந்தபோது ஆலமரம் திடீரென்று எழுதினார்:

“உன் அத்தையோட அக்கா பேரு என்னன்னு சொன்னே? மறுபடி மறந்துட்டேன்.”

“சமையல்கட்டுக்கு வாங்க மாமா, சொல்றேன். அடுப்புல வேலை இருக்கு, போன்ல டைப் அடிக்க முடியலை.”

அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. சண்டை ஏன் பாதியில் நின்றது, யார் ஜெயித்தது என்று மன்றத்தில் ஏகப்பட்ட பேர் கேட்டு எழுதினார்கள். அக்கா ஒருவருக்கும் பதில் போடவில்லை.